காலண்டர் தாளில் ஒரு சொல்: தினமும் ஓர் ஆங்கிலச் சொல் சேர்ப்பது எப்படி?

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளாகச் சேர்ந்த புதிது. வெளிநாட்டு பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. சரக்கு கப்பல் ஏறும் தேதிக்கு முன்னால் 'டென்டடிவ்' என்று ஒரு சொல். அதற்கு முன் நான் அதைப் பார்த்ததே இல்லை. 'அட்டென்ஷன்' மாதிரி இருக்கிறதே, ரொம்ப முக்கியமான தேதி போலிருக்கிறது என்று நானாக முடிவு செய்து, தேதி கண்டிப்பு என்று தையல் பிரிவில் சொல்லிவிட்டேன். இரண்டு ராத்திரி ஓவர்டைம் ஓடியது. மூன்றாம் நாள் பையர் தேதியைப் பத்து நாள் தள்ளிப்போட்டார். 'இப்போதைக்கு இப்படி, பிறகு மாறலாம்' என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். சூப்பர்வைசர் அண்ணன் கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஏனுங் தம்பி, தெரியாத வார்த்தைன்னா பாத்துட்டுச் சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அன்று ராத்திரி சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் அந்தச் சொல்லை எழுதினேன். அதில் ஆரம்பித்ததுதான். தமிழ் வழியில் படித்து வேலைக்கு வந்தவர்கள், கல்லூரியில் முதல் வருடம் திணறுபவர்கள், பிள்ளைக்குச் சொல்லித்தர நினைக்கும் அம்மாக்கள் என்று என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

'தினம் ஒரு சொல்' என்பது பழைய யோசனைதான். பலர் ஆரம்பிக்கிறார்கள், இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். சொல் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கோளாறு. வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு 'செரண்டிபிட்டி' என்று ஒரு சொல் வரும். எதிர்பாராமல் நல்லது கிடைப்பது என்று அர்த்தம். இலங்கையின் பழைய பெயர்களில் ஒன்றான செரண்டிப்பை வைத்து 1754-இல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் உண்டாக்கியது. அழகான சொல்தான். ஆனால் ஊத்துக்குளியில் வெண்ணெய் வியாபாரம் செய்பவருக்கு அது வருடத்தில் எத்தனை தடவை தேவைப்படும்? தேவைப்படாத சொல் நிற்காது. அதனால் இன்றைய சொல்லை இன்று நீங்கள் போன இடத்திலிருந்தே பிடியுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

முதலில், கையில் இருப்பதை எண்ணிப் பாருங்கள்

முதல் மூன்று நாள் புதுச் சொல் எதுவும் வேண்டாம். நாம் தமிழோடு கலந்து பேசும் ஆங்கிலச் சொற்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். பஸ், டிக்கெட், லோடு, பில், செக்கிங், அயர்னிங், மோட்டார், ஸ்டார்ட்டர், ஃபியூஸ். ஒரு மணி நேரத்தில் நூறு தாண்டிவிடும். பள்ளிக்கூடம் பக்கம் போகாத என் அப்புச்சியிடம் (அம்மாவின் அப்பா) எண்ணியபோதே அறுபதுக்கு மேல் வந்தது.

இந்தச் சொற்கள் உங்களிடம் அரைகுறையாக இருக்கின்றன. சத்தம் தெரியும், எழுத்துக்கூட்டல் தெரியாது. ஓர் அர்த்தம் தெரியும், இன்னொன்று தெரியாது. சிலவற்றில் நாம் வைத்திருக்கும் அர்த்தமே வேறு. கோயமுத்தூரில் 'பேக்கரிக்குப் போலாமா' என்றால் டீ குடிக்கப் போவது. தேங்காய் பன்னும் பப்ஸும் கண்ணாடிக்குள் இருக்கும், ஆனால் கூட்டம் டீக்குத்தான். ஆங்கிலத்தில் பேக்கரி என்பது ரொட்டி, கேக் சுடும் இடம், விற்கும் இடம். வெளிநாட்டு விருந்தாளியை டீக்கு பேக்கரிக்கு அழைத்தால் கொஞ்சம் முழிப்பார்.

பெட்ரோல் 'பங்க்' அதே மாதிரிதான். அங்கே பங்க் என்றால் ரயிலில் இருப்பதுபோல ஒடுக்கமான படுக்கை. எண்ணெய் போடும் இடம் 'பெட்ரோல் ஸ்டேஷன்'. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரிக்காரர் வாயில் நாளும் புழங்கும் 'ஸ்டெப்னி'க்கு இன்னும் வேடிக்கையான கதை. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருவின் பெயர் சக்கரத்தின் பெயராகி நம்மிடம் வந்து தங்கிவிட்டது. இன்றைய இங்கிலாந்தில் கேட்டால் 'ஸ்பேர் வீல்' என்பார்கள்.

இப்படி அரைகுறையாக இருப்பதை முழுசாக்குவது புதுச் சொல் கற்பதைவிடச் சுலபம், பலனும் சீக்கிரம் தெரியும். ஒரே ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 'ஷட்டில்' என்றால் நமக்கு இறகுப்பந்து. சென்னிமலையில் தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறதே நாடா, அதுதான் ஆங்கிலத்தில் முதல் ஷட்டில். அது போய்ப் போய் வருவதால், இரண்டு இடத்துக்கு நடுவே போய் வரும் பஸ் 'ஷட்டில் பஸ்'. வலைக்கு மேல் போய் வரும் பந்து 'ஷட்டில்காக்'. விண்வெளிக்குப் போய்த் திரும்பிய ஓடம் 'ஸ்பேஸ் ஷட்டில்'. நாடாவைப் பார்த்த ஒருவருக்கு இந்த மூன்றும் மனப்பாடமே செய்யாமல் வந்துவிடும்.

நம்மிடமிருந்து போன சொல்லும் உண்டு. கட்டுமரம் 'கேட்டமரன்' ஆனது, சுருட்டு 'ஷெரூட்' ஆனது எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது 'கொரண்டம்'. நம் குருந்தக்கல்தான் அது. சிவப்புக்கல்லும் நீலக்கல்லும் கனிம வகையில் அதுவே. காங்கேயம் சிவன்மலைப் பாறையில் அது இருப்பதைப் பற்றி நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1901-இல் தனி அறிக்கையே எழுதியிருக்கிறார். எமரித் தாளால் இரும்பைத் தேய்ப்பவர்கள் தினமும் கையில் பிடிப்பதும் இந்தக் குடும்பத்துத் தூள்தான். அகராதியில் இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் 'தமிழிலிருந்து' என்று பார்த்தபோது, சொந்த ஊர்க்காரரை வெளியூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தமாதிரி இருந்தது.

இன்றைய சொல்லை எங்கே பிடிப்பது

நான்காம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்று. ஒரு துண்டுத்தாளும் பேனாவும் சட்டைப் பையில் இருக்கட்டும். போனில் படம் பிடித்தாலும் சரி, ஆனால் ராத்திரிக்குள் தாளுக்கு வந்துவிட வேண்டும்.

கிணற்று மோட்டாரின் தகட்டைப் பாருங்கள். 'டிஸ்சார்ஜ்', 'ஹெட்', 'ரேட்டட்' என்று இருக்கும். 'ஹெட்' அங்கே தலையைக் குறிக்காது. தண்ணீரை எவ்வளவு உயரம் ஏற்றும் என்ற கணக்கு. 'டிஸ்சார்ஜ்' எவ்வளவு தண்ணீர் வெளியே தள்ளும் என்பது. ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ், பேட்டரி டிஸ்சார்ஜ் இரண்டும் ஞாபகம் வருகிறதா? உள்ளே இருந்ததை வெளியே விடுவது என்ற ஒரே நூல்தான் மூன்றிலும் ஓடுகிறது.

பூச்சிமருந்து பாட்டிலில் 'டைல்யூட்', 'டாக்ஸிக்', 'ஆன்டிடோட்'. இவற்றை நான் எல்லா விவசாயக் குடும்பத்துக்கும் முதல் வாரத்திலேயே கொடுப்பேன். தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய், விஷத்தன்மை உள்ளது, முறிவு மருந்து. பாட்டிலில் சிவப்பு முக்கோணம் இருந்தால் கடும் விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாகக் கடுமை குறையும். நிறம் தெரிந்த எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் இருக்கும் சொல் தெரியாது.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் இருப்பவருக்கு விரலி மஞ்சள் 'ஃபிங்கர்', கிழங்கு மஞ்சள் 'பல்ப்'. எரிகிற பல்புக்கும் அந்தப் பெயர் கிழங்கைப் பார்த்து வந்ததுதான். கிரேக்கத்தில் வெங்காயத்தைக் குறித்த சொல் அது. பஞ்சாலையில் 'பேல்' இருக்கிறது, நம் நாட்டுக் கணக்கில் 170 கிலோ. அதே சத்தத்தில் ஜாமீனுக்கும் ஒரு 'பேல்' உண்டு, எழுத்து வேறு. நூலுக்கு 'யார்ன்'. 'ஸ்பின் எ யார்ன்' என்று ஒரு பேச்சு ஆங்கிலத்தில் இருக்கிறது, இல்லாத கதையை நீட்டி முழக்குவது. நாம் 'கயிறு திரிக்காதே' என்கிறோமே, அச்சு அசல் அதே. பொள்ளாச்சிக்காரர்கள் இதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சரி, ஒரே நாளில் பத்து புதுச் சொல் கண்ணில் பட்டால் எதை எடுப்பது? இதே சொல்லை இந்த மாதத்தில் இன்னொரு முறை பார்ப்பேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் எடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு 3000 என்ற பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி புழங்கும் 3000 சொற்களை ஏ1, ஏ2, பி1, பி2 என்று எளிதிலிருந்து கடினத்துக்குப் பிரித்து வைத்திருக்கிறார்கள். புதியவர்கள் ஏ2-வில் தெரியாததை முதலில் முடிப்பது நல்லது.

இந்த மாதிரிப் பட்டியலுக்கு ஒரு பூர்வகதை உண்டு. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் வங்காளத்தில், டாக்காவில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். பிள்ளைகள் எதைப் படிக்க வேண்டும் என்பதற்கு அடிக்கடி வரும் சொல் எது என்று எண்ணிப் பார்ப்பதே வழி என்று நினைத்தார். 1953-இல் வெளியான அவருடைய பட்டியலில் ஏறக்குறைய 2000 தலைச்சொற்கள். சாதாரண ஆங்கில எழுத்தில் பத்துக்கு எட்டு சொல் அதற்குள் அடங்கிவிடும் என்பார்கள்.

இங்கே ஒரு கணக்கு. ஞாயிறு தவிர தினம் ஒன்று என்றால் வருடத்துக்கு 313 சொல். 2000 சேர ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். பயப்பட வேண்டாம், பத்தாவது முடித்தவர்களுக்கு அதில் பாதிக்கு மேல் முகம் தெரிந்திருக்கும். பட்டியலை எடுத்துப் பென்சிலால் டிக் போட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும். ஒரு நாளைக்கு பத்து என்று வேகம் காட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு ஆரம்பித்துப் பொங்கலுக்குள் நோட்டு அட்டாலிக்குப் போய்விடும்.

தாளில் என்ன எழுதுவது

இதுதான் முக்கியமான வேலை. பத்து நிமிடம் போதும். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் காலியாக இருந்தால் அது, இல்லையென்றால் ஏதாவது ஒரு தாள். நடுவில் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். தமிழ் எழுத்தில் மட்டும் எழுதினால் ஏமாந்துபோவீர்கள். 'பேக்' என்று எழுதி வைத்தால் அது முதுகா, பையா, மூட்டை கட்டுவதா என்று ஒரு வாரம் கழித்து உங்களுக்கே தெரியாது.

அடுத்து, அதை எந்த வாக்கியத்தில் பார்த்தீர்களோ அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். அப்புறம் அர்த்தம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். என் பழைய தாள் ஒன்று: 'ஷ்ரிங்கேஜ்'. துணி துவைத்த பிறகு எத்தனை விழுக்காடு சிறுத்துப்போகிறது என்ற சோதனை அறிக்கையில் பார்த்தது. முதலில் 'சுருக்கம்' என்று மட்டும் எழுதியிருந்தேன். கதைச் சுருக்கமும் சுருக்கம், நெற்றியில் விழுவதும் சுருக்கம், அயர்ன் செய்யாத சட்டையில் இருப்பதும் சுருக்கம். இவை எதற்கும் ஆங்கிலத்தில் 'ஷ்ரிங்கேஜ்' என்று சொல்ல மாட்டார்கள். பிறகு அடித்துவிட்டு, 'துவைத்ததும் துணி அளவு குறைந்துபோவது' என்று எழுதினேன். அர்த்தம் ஒரு வரி நீளமாக இருந்தால் தப்பே இல்லை.

அந்த ஒரு வரியை வீட்டுப் பேச்சில் எழுதினால் இன்னும் நன்றாக ஒட்டும். 'டிஸ்பேட்ச்' என்பதற்கு 'அனுப்புதல்' என்று புத்தகத் தமிழில் எழுதியிருந்தேன், மண்டையில் ஏறவே இல்லை. 'சரக்கைத் தாட்டி விடறது' என்று மாற்றியதும் பட்டென்று பிடித்துக்கொண்டது. 'டுகெதர்' ஒட்டுக்கா. 'கெஸ்ட்' ஒரம்பரை, ஆனால் நம் ஒரம்பரையில் சொந்தபந்தமும் அடக்கம் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு.

பிறகு உங்கள் சொந்த வாக்கியம் ஒன்று. ஆட்கள், இடம், பொருள் எல்லாம் உங்கள் வீட்டில் இருப்பதாக இருக்கட்டும். 'மை பிரதர்ஸ் நியூ பனியன் ஷ்ரேங்க் ஆஃப்டர் ஒன் வாஷ்.' பிழை இருந்தாலும் பரவாயில்லை, நாளை திருத்தலாம். கடைசியாகக் குடும்பம். 'ஷ்ரிங்க்' வினை, 'ஷ்ரேங்க்' நேற்று நடந்தது, 'ஷ்ரிங்கேஜ்' பெயர். அந்தக் கடைசி 'ஏஜ்' ஒட்டைக் கவனித்தீர்களா? லீக் – லீக்கேஜ், பேக் – பேக்கேஜ், ஸ்டோர் – ஸ்டோரேஜ், வேஸ்ட் – வேஸ்டேஜ். ஒரு சொல் கற்கப் போய் ஐந்து கிடைத்தது. இப்படிக் கிடைக்கும் நாட்களில் எனக்கு ஒரு சந்தோஷம், சந்தையில் கொசுறு வாங்கின மாதிரி.

சொல் யாரோடு சேர்ந்து வருகிறது என்பதையும் எழுதுங்கள். டீயைச் 'ஸ்ட்ராங்' என்போம், மழையை அப்படிச் சொன்னால் ஆங்கிலத்தில் இடறும், மழைக்கு 'ஹெவி'. நம் கனமழை மாதிரியே. ஆனால் எப்போதும் இப்படி ஒத்துப்போகாது. வயலுக்குத் தண்ணி கட்டுகிறோம். 'டை' என்ற சொல்லைப் போட்டு ஆங்கிலத்தில் தண்ணீரைக் கட்ட முடியாது, அதற்கு 'இர்ரிகேட்'. களை என்ற பெயருக்கும் களை எடு என்ற வினைக்கும் 'வீட்' என்ற ஒரே சொல். கடனில் உல்டா: நாம் கடன் வாங்க, கடன் கொடுக்க என்று ஒரே கடனை வைத்துச் சமாளிக்கிறோம், அங்கே வாங்குவது 'பாரோ', கொடுப்பது 'லெண்ட்'. இவற்றைத் தனித்தனியாகப் படித்தால் மாறிப்போகும். 'பாரோ ஃப்ரம்', 'லெண்ட் டு' என்று வாலோடு சேர்த்து எழுதுங்கள்.

அகராதி விஷயத்தில் ஒரே ஒரு பேச்சு. கூகுள் டிரான்ஸ்லேட் அவசரத்துக்கு ஆகும், ஆனால் பெரும்பாலும் ஒரே அர்த்தத்தை நீட்டிவிட்டுப் போய்விடும். மாணவர்களுக்கென்று இருக்கும் ஆங்கில–ஆங்கில அகராதிகளை ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. லாங்மேன் 1978-இல் தன் அகராதியைக் கொண்டுவந்தபோதே எல்லா விளக்கங்களையும் ஏறக்குறைய 2000 எளிய சொல்லுக்குள் எழுதியது. முதல் சில மாதம் தமிழ் அர்த்தம் பாருங்கள். அப்புறம் அங்கே போங்கள். விளக்கத்தைப் படிப்பதே பயிற்சி.

காதுக்கும் வாய்க்கும்

எழுதியதும் அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டு மூன்று தடவை கேளுங்கள், மூன்று தடவை சத்தமாகச் சொல்லுங்கள். மனதுக்குள் சொல்வது கணக்கில் வராது. ரசீதுக்கு 'ரிசீட்', நடுவில் 'பி' எழுத்து இருந்தாலும் வாயில் வராது. 'ப்ளம்பர்' என்பதிலும் கடன் என்ற 'டெட்' என்பதிலும் இன்னொரு 'பி' இப்படித்தான் ஊமையாக உட்கார்ந்திருக்கும்.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் இடம்தான் அழுத்தமாக வரும், மற்றது தேய்ந்துபோகும். நாம் எல்லா எழுத்தையும் சமமாகச் சொல்லிப் பழகியவர்கள். 'டென்டடிவ்' என்பதில் முதல் 'டென்'னில்தான் அழுத்தம். 'சர்டிஃபிகேட்' என்று நாம் சொல்வதில் அழுத்தம் 'டிஃப்' மேல், கடைசி 'கேட்' தேய்ந்து 'கிட்' ஆகிவிடும். தாளில் அழுத்தம் வரும் இடத்துக்கு அடியில் ஒரு கோடு போடுங்கள், போதும். கொங்குப் பேச்சின் இழுவையை விட வேண்டிய அவசியம் இல்லை. புரிந்தால் சரி.

ஒரே சத்தம், வேறு எழுத்து என்பதில் திருப்பூருக்கென்றே ஒன்று இருக்கிறது. சாயம் போடுவதும் 'டையிங்', செத்துக்கொண்டிருப்பதும் 'டையிங்'. எழுத்தில் சாயத்துக்கு நடுவே ஓர் 'ஈ' கூடுதலாக உண்டு. அந்த 'ஈ' விழுந்துபோன போர்டுகளை நானே பார்த்திருக்கிறேன். ஆலையே கடைசி மூச்சு விடுகிறது என்று அர்த்தமாகிவிடும். நோட்டு, பேனா விற்கும் 'ஸ்டேஷனரி'யும் அப்படியே: கடைசி 'ரி'க்கு முன் 'ஈ' வந்தால் எழுதுபொருள், 'ஏ' வந்தால் அசையாமல் நிற்பது.

மறக்காமல் இருக்க: வரப்போகும் தாளில் எழுதுங்கள்

ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிவிடுகிறது என்று கண்டார். நம் பக்கத்திலும் ஒருவர் இதைத் தொட்டிருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரைப் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று சொல்வார்கள். பாடம் படிக்கும் முறையை அவர் பாயிரத்திலேயே வைத்திருக்கிறார்: இரண்டு முறை கேட்டால் பிழை பெரிதாக இருக்காது, மூன்று முறை கேட்டால் முறையாக எடுத்துச் சொல்லவே வரும்.

ஆக, சொல்லைத் திரும்பச் சந்திக்க வேண்டும், இடைவெளி விட்டுச் சந்திக்க வேண்டும். அதற்குத் தினசரிக் காலண்டரைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. இன்றைய சொல்லை எழுதி முடித்ததும், காலண்டரில் இன்னும் கிழிக்காத தாள்களைத் தூக்கி, நான்கு இடத்தில் பென்சிலால் அந்தச் சொல்லை மட்டும் எழுதுங்கள்: நாளைய தாள், மூன்று நாள் கழித்து வரும் தாள், பத்து நாள் கழித்து, முப்பது நாள் கழித்து. அர்த்தம் எழுதக் கூடாது. அந்தத் தேதி வரும்போது ராகு காலத்துக்குப் பக்கத்தில் அந்தச் சொல் உங்களைப் பார்க்கும். அர்த்தத்தையும் ஒரு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வந்துவிட்டால் தாளைக் கிழித்துப் போடலாம். வரவில்லை என்றால் பழைய தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி நாளைய தாளில் எழுதிவிடுங்கள்.

ஒரு மாதம் ஓடிவிட்டால் ஒவ்வொரு தாளிலும் மூன்று நான்கு பழைய சொற்கள் காத்திருக்கும். பல் விளக்கும் நேரத்தில் முடிந்துவிடும். டிசம்பரில் மட்டும் கொஞ்சம் சிக்கல், புது வருடக் காலண்டரை மளிகைக்கடையில் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அப்புச்சிதான் தினமும் தாள் கிழிப்பவர். ஒரு நாள், "ஏங் கண்ணு, அமாவாசைக்கு அடுத்த நாள்ல என்னமோ கிறுக்கி வெச்சிருக்கறயே, அதென்ன நோம்பி?" என்றார். 'இர்ரிகேட்' என்று எழுதியிருந்தேன். தண்ணி கட்டறதுங்க அப்புச்சி என்றேன். "தண்ணி கட்டறதுக்கு இத்தனை நீளமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து தாளில் ஏதாவது இருந்தால் கிழிக்காமல் என்னைக் கூப்பிடுவார்.

விடுதியில், லைன் வீட்டில், காலண்டர் மாட்ட இடமில்லாதவர்களுக்கு வேறு வழி. முகூர்த்த மாதத்தில் சேரும் கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டி அட்டையைச் சீட்டு அளவில் வெட்டுங்கள். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அர்த்தமும் வாக்கியமும். பனியன் வந்த அட்டைப்பெட்டியில் மூன்று அறை தடுத்து, முதல் அறையைத் தினமும், இரண்டாவதை வாரம் இருமுறை, மூன்றாவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் முதல் அறைக்குத் திரும்பும். இதுவும் 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் பரப்பிய முறைதான். போனிலேயே வேண்டும் என்றால் 'அன்கி' என்ற செயலி இதே வேலையைச் செய்யும், ஆண்ட்ராய்டில் காசில்லை. ஜப்பானிய மொழியில் அதற்கு மனப்பாடம் என்று அர்த்தமாம். எனக்கு என்னவோ பென்சில்தான் ஒத்துவருகிறது.

செலவழியுங்கள்

கற்ற சொல்லை அன்றைக்கே ஒரு இடத்தில் பயன்படுத்துங்கள். மெயில், வாட்ஸ்அப், பக்கத்து சீட் நண்பர், கண்ணாடி, எதுவானாலும். பஸ்ஸில் திருப்பூரிலிருந்து காங்கேயம் போவதற்குள் ஜன்னலுக்கு வெளியே தெரிவதை அந்தச் சொல்லை வைத்து மூன்று வாக்கியமாக முணுமுணுப்பது என் வழக்கம். ஒரு தடவை பக்கத்தில் இருந்தவர் நான் போனில் பேசுகிறேன் என்று நினைத்துச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்.

நடுவில் விட்டுப்போனால்

ஊர் நோம்பி வரும், கல்யாணம் வரும், ஷிப்மெண்ட் நெருக்கடி வரும். மூன்று நாள் விட்டுப்போனால் நாலாம் நாள் நான்கு சொல் எழுத உட்காராதீர்கள். விட்ட நாள் விட்டதுதான், பாக்கி கிடையாது. அன்றைக்கு ஒன்று மட்டும். ஆனால் புதுச் சொல் எழுத முடியாத நாளிலும் காலண்டர் தாளில் காத்திருக்கும் பழையதை மட்டும் பார்த்துவிடுங்கள்.

முதல் வாரத்துக்கு என் கையால்

தொடங்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் தருவது இவை. திங்கள் 'ரிசீட்': வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு ரசீதை எடுத்து அதில் இந்தச் சொல் எங்கே அச்சாகியிருக்கிறது என்று தேடுங்கள், வினையான 'ரிசீவ்' என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். செவ்வாய் 'டிஸ்சார்ஜ்': மோட்டார் தகடு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பேட்டரி, மூன்று வாக்கியம். புதன் 'பாரோ', கூடவே 'லெண்ட்'. யாரிடம் வாங்கினீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று உண்மையாகவே எழுதலாம், தாளை யாரிடமும் காட்ட வேண்டாம். வியாழன் 'ஷ்ரிங்க்'. வெள்ளி 'டென்டடிவ்', எனக்காக.

சனிக்கிழமைக்குச் சொல் தர மாட்டேன். அது நீங்களே வெளியே போய்ப் பிடிக்க வேண்டியது. ஞாயிறு புதுச் சொல் கிடையாது. ஆறு தாளையும் கட்டிலில் பரப்பி, அர்த்தப் பக்கத்தை மூடிவைத்து, வீட்டில் யாரையாவது ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்லுங்கள்.